மிச்சம் வைக்காத கை

கலந்ததை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. போர்மேன் கண்ணுச்சாமிக்கு இதுதான் வேதம். தாயில்பட்டியில அவரு வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனியில வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே கெமிக்கல் கலந்துருவாக. கலந்தது அன்னைக்கே வெடிக்குள்ள போயிறணும். மிஞ்சுனா, பின்னாடி இருக்கிற பொட்டல்ல கொண்டுபோயி அழிச்சிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பணும். அவரு வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒருத்தன் சோம்பல்பட்டு ஒரு தட்டு மிச்சத்தைச் சாக்கைப் போட்டு மூடி வச்சிட்டுப் போயிட்டான். அதுல ஈரம் ஏறி உள்ளுக்குள்ளயே சூடாகிப்போச்சு. காலையில கதவைத் திறந்தவனை அதே மாதிரி ஒரு சாக்குலதான் அள்ளுனாக. அந்தச் சாக்கோட ஒரு முனையைப் பிடிச்சவரு கண்ணுச்சாமி. அதுக்குப் பெறகு அவரு கை எதையும் மிச்சம் வச்சதில்லை. தட்டுல கிடக்கிற சட்னியைக்கூட வழிச்சுத் தின்னுட்டுத்தான் எந்திரிப்பாரு.

இப்பேர்ப்பட்ட மனுசன்கிட்ட மதுரை டாக்டரு ஒரு சின்னக் குப்பியில ரெண்டு மருந்தைக் கலந்து குடுத்து, கொஞ்சங் கொஞ்சமாப் போடுங்க, மிச்சத்தை ஃப்ரிட்ஜுல வச்சுக்கங்கன்னு சொல்லி அனுப்புனாரு. அவரு என்னத்தைக் கண்டாரு, பாவம்.

எதுக்கு மருந்துன்னு கேப்பீக. போன வருசம் கண்ணுச்சாமிக்குப் புராஸ்டேட் சுரப்பியில புத்துநோய்னு கண்டுபிடிச்சு, மதுரையில ஆப்பரேஷன் பண்ணி அந்தச் சுரப்பியையே எடுத்துட்டாக. உசுரு தப்பிச்சுது. கொஞ்ச காலம் மூத்திர டியூப்போட கிடந்தாரு, பெறகு சொட்டுச் சொட்டா ஒழுகி, கைப்பிள்ளைக்குக் கட்டுறாப்புல பேடு கட்டிக்கிட்டுத் திரிஞ்சாரு. அதுவும் நின்னுச்சு. ஒண்ணு மட்டும் திரும்பி வரலை. ஆம்பளை உறுப்பு எழும்பலை. சுரப்பியை ஒட்டி நூல் மாதிரி நரம்பு ஓடுது, அது அடிபட்டிருக்கு, தேறுறதுக்கு வருசம் ரெண்டாகலாம், தேறாமலும் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. மாத்திரை குடுத்தாரு. மூஞ்சி செவந்து தலைவலி வந்ததுதான் மிச்சம். கடைசியாத்தான் இந்த ஊசி. உறுப்போட பக்கவாட்டுல நாமளே போட்டுக்கணும்.

இதை அவரு பொஞ்சாதி முத்துமாரிகிட்ட சொன்னாரான்னா, சொல்லலை. ஒழுகுது, உனக்குத் தொந்தரவுன்னு சொல்லி முன்ரூம் கட்டிலுக்குப் போனவரு, ஒழுகல் நின்ன பெறகும் உள்ள திரும்பலை. அவளும் ஏன்னு கேக்கலை. கேக்காததை இவரு அருவருப்புன்னு எடுத்துக்கிட்டாரு. காப்பி குடுக்க வந்தா மூஞ்சியைப் பார்க்காம டம்ளரை மட்டும் வாங்குவாரு. இனிமே அவளுக்கு நாம எதுக்கு ஆவோம்னு அவரு நெஞ்சுல ஒரு பயம் உக்காந்துக்கிச்சு. வெடிக்குப் பயப்படாத ஆளு, சொந்த வீட்டு அடுப்படிப் பக்கம் போகப் பயந்தாரு.

ஊசி போடக் கத்துக்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்கன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. அவளுக்கு மூட்டு வலி, படியேற மாட்டான்னு நம்மாளு கூசாமப் பொய் சொன்னாரு. வருசா வருசம் சதுரகிரி மலை ஏறி இறங்குறவ முத்துமாரி. சரின்னு டாக்டர் இவருக்கு மட்டும் சொல்லிக் குடுத்தாரு. இந்தக் கோடு வரைக்கும்தான் இழுக்கணும், வேலை செய்யலைன்னா அதே நாள்ல திரும்பப் போடவே கூடாது, எழும்புனது நாலு மணி நேரத்துக்கு மேல இறங்காம நின்னா ரத்தம் உள்ளுக்குள்ளயே கெட்டு உறுப்பு ஒரேயடியா வீணாப் போயிரும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடியாங்க. கம்பெனியைச் சோதனை போட வர்ற ஆபீசர்கிட்ட ஆட்டுற மாதிரி எல்லாத்துக்கும் தலையை ஆட்டிட்டு வந்தாரு.

குப்பியை வாங்குன அன்னைக்கு மகன் முனியராஜும் மருமக சினேகாவும் காரியாபட்டியில ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாக. கம்பெனி லைசென்ஸ் வேலையா மதுரை போகணும்னு புளுகித்தான் அவரு போயிருந்தாரு. அவருக்கு யாரு சோறு போடுறதுன்னு முத்துமாரியும் வீட்டுலயே நின்னுட்டா. ஐஸ் போட்ட பிளாஸ்குல குப்பியை வச்சு வீடு வந்து சேர்ந்தாரு. சாப்பிட்டாரு. அவ பின்வாசல்ல பாத்திரம் வெளக்கப் போன நேரம் பார்த்து, சாமான் போட்டு வைக்கிற ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்துனாரு.

டாக்டர் சொன்ன கோடு வரைக்கும் இழுத்து, பல்லைக் கடிச்சிக்கிட்டுப் போட்டாரு. காத்திருந்தாரு. லேசா ஒரு அசைவு, அம்புட்டுத்தான். இன்னும் காத்திருந்தாரு. ஒண்ணையும் காணோம். மாத்திரையும் போச்சு, ஊசியும் போச்சு, இனி என்ன இருக்குன்னு நினைச்சாரு. குப்பியைப் பார்த்தா மருந்து அப்படியே கிடக்கு. ஃப்ரிட்ஜுல வைக்கணுமாம். சினேகா நிமிசத்துக்கொரு தரம் திறக்கிற ஃப்ரிட்ஜுல, மாவுச்சட்டிக்கும் தயிருக்கும் நடுவுல இதை வச்சிட்டு என்னன்னு சொல்லுவாரு? அதை விடுங்க. கலந்தது. கலந்த ஒரு பொருள் விடிய விடிய ஒரு வீட்டுக்குள்ள இருக்கிறதை நினைச்சாலே அவரு கை பரபரத்துச்சு. வீட்டுல பேரப்பிள்ளை புழங்குது. இது வெடிக்காதுன்னு புத்திக்குத் தெரியும். கைக்குத் தெரியலையே.

சாக்கடையில ஊத்திருவோம்னுதான் முதல்ல எந்திரிச்சாரு. ஊத்துறதுக்கு உள்ளயே போனா என்ன, ஒருவேளை கேக்கும்லன்னு தோணிருச்சு. மிச்சம் இருந்தது அம்புட்டையும் இழுத்து இன்னொரு ஊசியாப் போட்டு முடிச்சாரு. காலிக் குப்பியைப் பார்த்ததும்தான் மூச்சு வந்துச்சு. பத்த வச்சு வெடிக்காத வெடிகிட்டத் திரும்பப் போகாதேன்னு வேலைக்கு வர்ற ஒவ்வொரு பயலுக்கும் காதைத் திருகிச் சொல்லிக் குடுத்தவரும் இதே கண்ணுச்சாமிதான். ஒரு சட்டத்தைக் காப்பாத்தப் போயி இன்னொண்ணை மீறிட்டாரு.

கொஞ்ச நேரத்துல கேட்டுருச்சு. கண்ணுச்சாமிக்கு அழுகையே வந்துருச்சு, சந்தோசத்துல. வேட்டியை இறுக்கிக் கட்டி, தலையைச் சீவி, மாப்பிள்ளை கணக்கா முத்துமாரியைக் கூப்பிடப் போனாரு. போனா, பக்கத்து வீட்டுக் கற்பகவல்லி சுவருக்கு அந்தாண்ட நின்னு அவகிட்ட எதையோ அளந்துக்கிட்டு இருக்கா. இன்னைக்கு முடியுற பேச்சாத் தெரியலை. இவரு உள்ளயும் வெளியயும் நடந்தாரு, செருமுனாரு, சொம்பைக் கீழ போட்டுப் பார்த்தாரு. அந்தம்மா அசையலை.

கற்பகவல்லி போன நேரத்துக்கு இங்கன சந்தோசம் போயி வலி வந்திருந்துச்சு. சும்மா வலியில்லை, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது, தொட முடியலை. யாருக்காக இத்தனை பாடுபட்டாரோ அவ உள்ள வர்ற சத்தம் கேட்டதும் மறுபடி ரூமுக்குள்ள ஓடித் தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டாரு.

பெறகு அவரு பட்டது பெரும் பாடு. அங்கன இருந்த குடத்துத் தண்ணியை மொண்டு மொண்டு ஊத்துனாரு. ரூமுக்குள்ளயே குறுக்கும் நெடுக்கும் நடந்தாரு. இறங்கலை. இருக்கங்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துக்கிட்டாரு. கண்ணு சரியானா வெள்ளியில கண்ணு, காலு சரியானா காலு செஞ்சு அம்மனுக்குப் போடுறது நம்ம பக்கத்து வழக்கம். தாயே, இது இறங்கிருச்சுன்னா உனக்கு வெள்ளியில ஒரு, அப்படின்னு ஆரம்பிச்சவரு வாயைப் பொத்திக்கிட்டாரு. மொட்டை போடுறேன்னு மாத்திச் சொன்னாரு. அம்மன் ரெண்டையும் காதுல வாங்கலை.

சன்னல் வழியா வந்த வெயில் தரையில இருந்து சுவருக்கு ஏறிருச்சு. கம்பெனி வேன்கள் ஆளுகளை இறக்கிவிட்டுட்டுப் போற சத்தம் கேட்டுச்சு. நாலு மணி நேரம்னு டாக்டர் சொன்னது அப்பத்தான் மண்டையில உறைச்சுது. ஏறக்குறைய ஆகிப்போச்சு. ஒரேயடியா வீணாப் போயிரும்னாரே. 108-க்குப் போன் போடலாம்னு செல்லை எடுத்தாரு, போட முடியலை. எங்க பக்கம் சைரன் சத்தம் கேட்டா என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாது. உலை கொதிக்கிறதைக்கூட விட்டுட்டு அம்புட்டுப் பேரும் தெருவுக்கு வந்துருவாக. எந்தக் கம்பெனி, எந்தக் கம்பெனின்னு நெஞ்சுல அடிச்சிக்கிட்டு வண்டி பின்னாடியே ஓடுவாக. அது போர்மேன் வீட்டு வாசல்ல வந்து நின்னா தாயில்பட்டியே கூடிரும். கூடுன ஊருக்கு என்னன்னு சொல்லுறது? மானம் கப்பலேறிரும். உறுப்பு போனாப் போகட்டும், இப்படியே கிடந்து செத்தாலும் சாவோம்னுகூட ஒரு கணம் நினைச்சுட்டாரு.

அப்பத்தான் கதவு தட்டுற சத்தம்.

"கதவைத் திறங்க." முத்துமாரி குரல். "எனக்கு எல்லாம் தெரியும். நோவு திரும்ப வந்துருச்சு. அதைத்தான் என்கிட்ட மறைக்கீக."

இவருக்கு ஒண்ணும் விளங்கலை. கதவோரம் வந்து நின்னாரு. அவ கதவுல தலையைச் சாய்ச்சுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டுனா. லைசென்ஸ் வேலைன்னு சொல்லிட்டு நீங்க மதுரைக்குப் போறது ஆஸ்பத்திரிக்குத்தான்னு மருந்துக் கவரைப் பார்த்தே தெரிஞ்சிக்கிட்டேன், மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கிறீக, தனியாப் படுக்கிறீக, சாகப்போறவுகதான் இப்படி ஒவ்வொண்ணா விடுவாகன்னு நினைச்சு நான் தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டுத் திரிஞ்சேன், கேட்டா நெசமாகிப் போயிருமோன்னுதான் கேக்கலைன்னா.

கண்ணுச்சாமி தாழ்ப்பாளை எடுத்தாரு. குடத்துத் தண்ணியில நனைஞ்சு, முகமெல்லாம் வெளுத்து, முன்னால தலகாணியை அணைச்சுக்கிட்டு நின்ன புருசனை அவ ஏற இறங்கப் பார்த்தா. அவரு தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு. ஊசியைச் சொன்னாரு, குப்பியைச் சொன்னாரு, மிச்சம் வைக்க மனசு வராததைச் சொன்னாரு.

முத்துமாரி அப்படியே கீழ உக்காந்துட்டா. அழுறாளா சிரிக்காளான்னு தெரியலை, ரெண்டும்தான் வந்துச்சு. "புத்துநோய் இல்லையே? சத்தியமா இல்லையே?"ன்னு ரெண்டு தரம் கேட்டா. இல்லைன்னு அவரு தலையில அடிச்சு சத்தியம் பண்ணதும் முந்தானையில மூக்கைச் சிந்திட்டு எந்திரிச்சா. எந்திரிச்சவளுக்கு வந்துச்சே கோவம். அறிவு இருக்கா உங்களுக்குன்னு ஆரம்பிச்சு, கல்யாணம் ஆன நாள்ல இருந்து சேர்த்து வச்சிருந்த அம்புட்டையும் ஒரே மூச்சுல சொல்லி முடிச்சு, அவரு கையில இருந்த செல்லைப் பிடுங்கி மதுரை டாக்டருக்குப் போட்டா.

இம்புட்டு தூரம் வந்துக்கிட்டு இருக்காதீங்க, விருதுநகர் பெரியாஸ்பத்திரிதான் பக்கம், நேரா அங்கன போங்க, நான் சொல்லி வைக்கிறேன்னு டாக்டர் சொன்னாரு. அவரு குரல்லயும் அவசரம் இருந்துச்சு. அதைக் கேட்டதும் முத்துமாரிக்கும் பயம் பிடிச்சுது. தெருக்கோடியில இருக்கிற ஆட்டோக்காரன் ஊர்க்காவலனை வரச்சொன்னா.

தலகாணியைக் கட்டிக்கிட்டுக் குனிஞ்ச வாக்குல போர்மேன் ஆட்டோ ஏறுறதைத் தெரு பார்த்துருச்சு. எந்தக் கம்பெனின்னு கேட்டுக்கிட்டு நாலு பேரு ஓடியாந்தாக. வயித்துவலின்னு சொல்லி அவகளை அனுப்புறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. வெம்பக்கோட்டை ரோட்டுல ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணுச்சாமி உசுரு தொண்டைக்குழிக்கு வந்து போச்சு. என்ன மாமா, எங்கன வலிக்குன்னு ஊர்க்காவலன் வேற திரும்பித் திரும்பிக் கேட்டான். நீ ரோட்டைப் பாரு, பாட்டைச் சத்தமா வையின்னா முத்துமாரி.

பாட்டுச் சத்தத்துல அவ காதுகிட்டக் குனிஞ்சு அவரு சொன்னாரு. "ஒரேயடியாப் போயிருச்சுன்னா நான் உனக்கு எதுக்கு ஆவேன்?"

அவ ரோட்டோரம் காயப்போட்டிருந்த தீப்பெட்டிக் குச்சியையே பார்த்துக்கிட்டு வந்தா. "ஆப்பரேஷன் அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து சாமிகிட்ட நான் என்ன கேட்டேன் தெரியுமா? இந்த மனுசன் எப்படியாச்சும் இருக்கணும், அம்புட்டுத்தான் கேட்டேன்." கொஞ்ச தூரம் போன பெறகு, "பக்கத்துல வந்து படுத்திருக்கலாம்ல. அதுக்கு ஊசி வேணுமா?"ன்னா. அவ பிடிச்சிருந்த அவரு கை வேர்த்து ஊத்துச்சு. அந்தக் கையை அவ விடலை.

விருதுநகர் ஆஸ்பத்திரியில தாயில்பட்டின்னு வாயைத் திறந்ததுதான் தாமதம், ரெண்டு பேரு தள்ளுவண்டியோட பாஞ்சு வந்துட்டாக. எத்தனை பேரு, எங்கன பட்டிருக்கு, எந்தக் கம்பெனின்னு நர்ஸம்மா கேக்க, உக்காந்திருந்த சனம் முழுக்க எந்திரிச்சு வந்து சுத்தி நின்னுருச்சு. அவங்க மேலயும் தப்பில்லை. எங்க ஊரு பேரைச் சொல்லிக்கிட்டு அங்கன போறவுக அதுக்குத்தான் போயிருக்காக. தீக்காயமான்னு பார்க்க ஒருத்தர் தலகாணியை எடுக்க வந்தாரு. கண்ணுச்சாமி அதை இறுக்கிப் பிடிச்சிக்கிட்டாரு. வயித்துவலின்னு சொல்லிருவோமா, இங்கன சொல்லிட்டு உள்ள போயி மெதுவாச் சொல்லிக்கிடுவோமான்னு அவரு முத்துமாரியைப் பார்த்தாரு. கெஞ்சுற பார்வை அது.

முத்துமாரி சுத்தி நின்ன கூட்டத்தை ஒருதரம் பார்த்தா. "வெடி இல்லம்மா. இவருக்குப் புராஸ்டேட் ஆப்பரேஷன் ஆயிருக்கு. ஆம்பளை உறுப்புல போடுற ஊசியைக் கூடுதலாப் போட்டுட்டாக. மத்தியானத்துல இருந்து இறங்கலை. நாலு மணி நேரம் தாண்டிருச்சு, இன்னும் விட்டா உறுப்பு வீணாகிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. சீக்கிரம் பாருங்க."

கண்ணுச்சாமி கண்ணை இறுக்க மூடிக்கிட்டாரு. சிரிப்புச் சத்தம் வரும்னு காத்துக்கிட்டே கிடந்தாரு. ஒருத்தரும் சிரிக்கலை. வெடி இல்லையாம், யாருக்கும் ஒண்ணும் ஆகலையாம்னு ஒரு கிழவி பெருமூச்சு விட்டுட்டுப் போயி உக்காந்தா. நர்ஸம்மா தள்ளுவண்டியை உள்ள திருப்பி, சர்ஜனுக்குப் போன் போட்டாக.

உள்ள நடந்ததை அவரு யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு, நான் சொல்லுறேன். மரத்துப்போக ஊசி போட்டு, பெறகு பெரிய ஊசியை உள்ள விட்டு, தேங்கிக் கிடந்த ரத்தத்தை இழுத்தாக. கருப்பட்டிப் பாகு மாதிரி கறுத்து வந்துச்சு. ரத்தக்குழாயைச் சுருக்குற மருந்தைக் கொஞ்சங் கொஞ்சமா ஏத்துனாக, ஒவ்வொரு தரமும் பிரஷரைப் பார்த்துக்கிட்டு. முதல் தரம் இறங்கலை. ரெண்டாந்தரமும் இறங்கலை. சர்ஜன் மூஞ்சியில ஒண்ணும் தெரியலை, அதையே கண்ணுச்சாமி பார்த்துக்கிட்டுக் கிடந்தாரு. கடைசியில வலி மெல்ல மெல்ல விட்டுச்சு. வயசுப் பையன் அந்த சர்ஜன், கையுறையைக் கழட்டிக்கிட்டே, நேரத்துக்குக் கொண்டு வந்துட்டாக, இன்னும் தாமதிச்சிருந்தா சொல்ல முடியாதுன்னு சொன்னாரு. இனிமே எழும்புமான்னு இவரு கேக்க வாயெடுத்தாரு. அதை இப்பச் சொல்ல முடியாது, ஆறட்டும்னு அவரே முந்திக்கிட்டாரு.

அன்னையில இருந்து அவரு முன்ரூம் கட்டில்ல படுக்கலை. ஆனா பயம் போயிருச்சுன்னு யாரு சொன்னா? ஆறுன பெறகும் இனிமே அந்த ஊசிப் பேச்சே வேண்டாம்னாரு. வேணுமா வேண்டாமான்னு டாக்டர் சொல்லட்டும்னு முத்துமாரிதான் மதுரைக்குக் கிளப்புனா. அவ படியேறி உள்ள வர்றதைப் பார்த்த டாக்டரு, மூட்டுவலி தேவலையாம்மான்னு அக்கறையா விசாரிச்சாரு. அவ புருசனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தா. அந்தப் பார்வைக்கு அவரு சர்ஜனோட ஊசியே மேல்னு நினைச்சிருப்பாரு.

டாக்டரு சோதிச்சுப் பார்த்துட்டு, கெடுதல் ஒண்ணும் தெரியலை, முன்னைவிடக் குறைச்ச அளவுல ஆரம்பிக்கலாம், ஆனா அளவை அம்மாதான் பார்க்கணும்னு புதுக் குப்பி குடுத்தாரு. வீட்டுக்கு வந்ததும் முத்துமாரி அதை ஃப்ரிட்ஜுல தயிருக்குப் பக்கத்துல வச்சா. மாமாவோட ஊசி மருந்து, யாரும் தொடாதீகன்னு சினேகாகிட்ட மட்டும் சொன்னா. சினேகா சரி அத்தைன்னுட்டுப் பிள்ளைக்குப் பால் எடுத்துக்கிட்டுப் போனா. அம்புட்டுத்தான். இதுக்குத்தான் அந்த மனுசன் சாகக் கிடந்தாரு.

மறுநாள் விடிஞ்சதும் கண்ணுச்சாமி முதல் வேலையா ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாரு. குப்பி அங்கனயே இருந்துச்சு. வீடும் இருந்துச்சு.

மத்தியானம் பிள்ளைகள் இல்லாத நேரத்துல முத்துமாரி கண்ணாடியை மாட்டிக்கிட்டு, சன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, சின்னக் கோடு வரைக்கும் இழுத்தா. ஊசியை அவரே போட்டுக்கிட்டாரு. குத்துன இடத்தை அழுத்திப் பிடிச்சிக்கிட்டே இருக்க, அவரு கண்ணு தன்னால குப்பி பக்கம் போச்சு. முக்கால்வாசி அப்படியே கிடக்கு. ஊத்திட்டு வந்துருவோம்னு பழக்கதோசத்துல அவரு கை நீண்டுருச்சு. அதுக்குள்ள அவ எடுத்துட்டா.

"மிச்சம் இருக்கே"ன்னாரு.

"இருக்கட்டும்."

"நாளைக்கு வரைக்கும் இருக்குமா?"

முத்துமாரி குப்பியோட மூடியை அழுத்திப் பார்த்தா. "நாளைக்கு நாமளும் இருப்போம்ல"ன்னு சொல்லிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ள வச்சா.

ஆப்பரேஷனுக்குப் பெறகு நாளைக்குன்னு ஒண்ணை அவரு நினைச்சுப் பார்த்ததே இல்லை. ஊசி கேக்குமா கேக்காதான்னு இன்னமும் பயமாத்தான் இருந்துச்சு. ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தம் காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. ஆனாலும் அவரு எந்திரிக்கலை. அவ ரூம் கதவைச் சாத்திட்டு வந்து பக்கத்துல உக்காந்தா.